வாடிவாசலா, லாரியா? புதுக்கோட்டையில் பிறக்கும் காளைக்கன்றின் கணக்கு

‘அடிமாட்டு விலைக்குக் கேக்குறாங்க’. பழைய பைக்கை ஆன்லைனில் விற்கப் போட்டவரும் இதைச் சொல்வார், புது வேலைக்குச் சம்பளம் பேசிவிட்டு வந்தவரும் சொல்வார். ரொம்ப மட்டமான விலை என்று அர்த்தம். அன்றாடம் புழங்கும் இந்த வார்த்தைக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு மாடு இருக்கிறது. பால் வற்றிய பசு, ஏர் இழுக்க முடியாத காளை, யாருக்கும் வேண்டாத ஆண் கன்று. சந்தையில் கடைசியாக ஒரு விலைக்குக் கைமாறி லாரி ஏறும் மாடுதான் அடிமாடு.

தமிழ்நாட்டில் இறைச்சிக்காகவே மாடு வளர்ப்பவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவிலும் பிரேசிலிலும் இருப்பது போன்ற மாட்டிறைச்சிப் பண்ணைகள் இங்கே கிடையாது. இங்கே மாடு பாலுக்காக வளர்கிறது, அல்லது பாசத்துக்காக வளர்கிறது. ஆனால் இந்த இரண்டு வளர்ப்பையும் தாங்கிப் பிடிப்பது அந்த அடிமாட்டு விலைதான். இதைப் புரிந்துகொள்ள புதுக்கோட்டையை விடப் பொருத்தமான இடம் இல்லை.

ஜல்லிக்கட்டின் மாவட்டம்

புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14, பொங்கல் நாளில். பொங்கல் வந்தால் இந்த மாவட்டம் மாட்டைத் தவிர வேறு எதையும் பேசாது. அலங்காநல்லூரும் பாலமேடும் டிவியில் பிரபலம் என்றாலும், ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக நடப்பது கந்தர்வகோட்டை பக்கம் இருக்கும் தச்சங்குறிச்சியில். தமிழ்நாட்டிலேயே அதிக ஜல்லிக்கட்டுகள் நடக்கும் மாவட்டம் என்ற பெயரும் புதுக்கோட்டைக்கு உண்டு. 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டு, அது உலக சாதனை என அறிவிக்கப்பட்டது. அதே நாளில் வேடிக்கை பார்க்க வந்த இருவர் மாடு முட்டி இறந்தும் போனார்கள்.

ஜல்லிக்கட்டுக் காளையைப் பொருளாதாரக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒன்றும் தேறாது. அது பால் தராது, ஏர் உழாது, வண்டி இழுக்காது. பருத்திக்கொட்டை, உளுந்து, தவிடு, பேரீச்சம்பழம் என்று தீனி போட வேண்டும். நடைப்பயிற்சி, நீச்சல், மண் குத்தும் பயிற்சி என்று வருஷம் முழுக்க ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும். ஜெயித்தால் கட்டில், பீரோ, அண்டா, சைக்கிள், அதிர்ஷ்டம் இருந்தால் பைக் அல்லது கார். பரிசை மட்டும் நம்பி மாடு வளர்ப்பவர் யாரும் இருக்க முடியாது. செலவு கைக்காசு, வரவு ஊருக்குள் பேரு. அவ்வளவுதான்.

இருந்தும் வளர்க்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவர் வளர்க்கிறார், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி அண்ணன் தம்பிகள் சேர்ந்து வளர்க்கிறார்கள், கல்லூரி மாணவிகள் வளர்க்கிறார்கள். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டபோதும், 2017 ஜனவரியில் மெரினா முதல் மாவட்டத் தலைநகரங்கள் வரை இளைஞர்கள் திரண்டபோதும் பேசப்பட்டது இந்தப் பாசம்தான். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு தனிச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அன்று வைக்கப்பட்ட முக்கியமான வாதம் ஒன்று உண்டு. ஜல்லிக்கட்டு இல்லையென்றால் நாட்டுக் காளைகளை வளர்க்கக் காரணமே இருக்காது, அவை எல்லாம் அடிமாடாகிவிடும் என்பது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான்.

மிச்ச ஆண் கன்றுகள் எங்கே?

ஒரு காலத்தில் ஆண் கன்றுக்கு மூன்று வேலைகள் காத்திருந்தன. ஏர் உழுவது, வண்டி இழுப்பது, பசுவைச் சினைப்படுத்துவது. முதல் வேலையை டிராக்டர் எடுத்துக்கொண்டது. இரண்டாவதை லோடு ஆட்டோ எடுத்துக்கொண்டது. மூன்றாவதைச் சினை ஊசி எடுத்துக்கொண்டது.

நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் இருந்த ஆண் மாடுகள் (எருமை சேராமல்) சுமார் 6.8 கோடி. 2019-ல் சுமார் 4.7 கோடி. ஏழே வருஷத்தில் 30 சதவீதம் சரிவு. அதே ஏழு வருஷத்தில் பசுக்களின் எண்ணிக்கை 18 சதவீதம் ஏறி 14.5 கோடியைத் தாண்டியது. கன்று பிறக்கும்போது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிபாதிதான். அப்படியென்றால் வித்தியாசம் எங்கே போனது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பாலுக்காக வளர்க்கும் மாடுகளில் பெரும்பாலானவை ஜெர்சி, ஹெச்.எஃப் கலப்பினங்கள். 2021 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஜல்லிக்கட்டில் நாட்டு மாடுகளை மட்டுமே அவிழ்க்க வேண்டும், கலப்பின மாடுகளை அனுமதிக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. நாட்டு இனத்தைக் காப்பாற்ற அது சரியான உத்தரவு. ஆனால் கலப்பினப் பசு போடும் ஆண் கன்றுக்கு வாடிவாசல் கதவும் மூடிவிட்டது. ஏருக்கும் ஆகாது, ஜல்லிக்கட்டுக்கும் ஆகாது. அதற்குத் திறந்திருக்கும் ஒரே கதவு லாரியின் பின்கதவு.

ஆக புதுக்கோட்டையில் பிறக்கும் காளைக்கன்றுகளில் கொஞ்சம் பேருக்கு மாலை, சந்தனம், டிவி கேமரா. மிச்சம் பேருக்குச் சந்தை. முதல் கூட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இரண்டாவது கூட்டத்தைப் பற்றிப் பேசினால் முகம் திரும்பிக்கொள்கிறது.

டீ குடிக்கிறவருக்கும் பங்கு உண்டு

‘நான் பீஃப் சாப்பிடுறதில்லை, எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை’ என்று பலர் நினைக்கலாம். காலையில் ஒரு டீ குடித்திருந்தால் சம்பந்தம் இருக்கிறது.

பசு பால் கறக்க வேண்டுமென்றால் கன்று போட வேண்டும். சுமார் 280 நாள் சினை, பிறகு ஈற்று, பிறகு சில மாதம் பால். மறுபடி சினை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கன்று. சராசரியாகப் பாதி ஆண் கன்று. பால் தொழிலின் உள்ளேயே இறைச்சி மாடு உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு தொழில் என்பது நகரத்தில் மட்டும் இருக்கும் நம்பிக்கை.

ஆவின் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்த்தியது. 2023 டிசம்பரில் மேலே 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. லிட்டர் 38 ரூபாய் என்றே வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். எட்டு லிட்டர் கறக்கும் மாடு என்றால் ஒரு நாளைக்கு 304 ரூபாய். அதில்தான் தீவனம், வைக்கோல், மருத்துவம், கடன் தவணை எல்லாம். புண்ணாக்கு, தவிடு விலை ஏறினால் கையில் நிற்பது கொஞ்சம்தான். வீட்டுப் பெண்களின் உழைப்பு இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இப்போது அதே மாடு பால் வற்றி நிற்கிறது. ஒரு நாளைக்கு வெறும் 80 ரூபாய் செலவு என்று வைத்தாலும் வருஷத்துக்கு 29,200 ரூபாய். பசு பத்து வயசுக்கு மேலும் பல வருஷம் உயிரோடு இருக்கும். எட்டு வருஷம் சும்மா வைத்துப் பராமரித்தால் 2,33,600 ரூபாய். இரண்டு, மூன்று மாடு வைத்திருக்கும் ஒருவருக்கு இது முடிகிற காரியமா? ஒரு கிழட்டு மாட்டுக்குத் தீனி போடும் காசில், பால் கறக்கும் மாட்டின் தீனி குறையும். அல்லது பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் தள்ளிப்போகும்.

அதனால் விற்கிறார்கள். விற்ற காசுடன் கொஞ்சம் கடன் சேர்த்து அடுத்த மாட்டைப் பிடிக்கிறார்கள். அந்தக் கடைசி விலை இல்லையென்றால் அடுத்த மாடு இல்லை. அடுத்த மாடு இல்லையென்றால் உங்கள் டீயில் பால் இல்லை.

கைமாத்துக்கு நிற்கும் ஏடிஎம்

புதுக்கோட்டை பெரும்பாலும் மானாவாரி பூமி. மழையை நம்பி, கண்மாயை நம்பி விவசாயம். அறந்தாங்கி, மணமேல்குடி பக்கம் சில பகுதிகளுக்குக் காவிரித் தண்ணீர் எட்டிப் பார்க்கும், அதுவும் கடைமடை. இப்படிப்பட்ட ஊரில் மாடு என்பது சேமிப்புக் கணக்கு. கல்யாணம், ஆஸ்பத்திரி, போர்வெல் ரிப்பேர், எது வந்தாலும் ஒரே நாளில் காசாகிற சொத்து அது ஒன்றுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது இந்த மாவட்டத்தில் தென்னை, பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்தன. புதிதாக வைத்த தென்னை காய்க்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொட்டகையில் மிஞ்சிய மாட்டைச் சந்தைக்கு ஓட்டினால் அன்று சாயங்காலமே கையில் காசு. இந்த வசதிதான் சிறு விவசாயியின் இன்சூரன்ஸ். அந்த இன்சூரன்ஸுக்கு மதிப்பு தருவது, கடைசியில் அந்த மாட்டை வாங்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை.

விராலிமலையிலிருந்து கொஞ்ச தூரத்தில், பக்கத்துத் திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது மணப்பாறை சந்தை. பல்லைப் பார்த்து வயசு சொல்வார்கள், சுழி பார்ப்பார்கள், துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். கறவை மாடு, உழவு மாடு, அடிமாடு எல்லாம் நிற்பது ஒரே மைதானத்தில். தமிழ்நாட்டு அடிமாடுகளில் பெரும்பங்கு பொள்ளாச்சி போன்ற சந்தைகள் வழியாகக் கேரளாவுக்குப் போகிறது.

2017 மே 23-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்கக் கூடாது என்றன. ஒரே வாரத்தில், மே 30 அன்று, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டித்தது. ‘என்ன சாப்பிடுவது என்பது என் உரிமை’ என்ற விவாதமே அப்போது அதிகம் நடந்தது. அது நியாயமான விவாதம். ஆனால் ‘என் மாட்டுக்குக் கடைசி விலை கிடைக்குமா’ என்ற விவசாயியின் கேள்வி அந்தச் சத்தத்தில் அவ்வளவாகக் கேட்கவில்லை.

அப்போ பாசம் பொய்யா?

இல்லை. மாட்டை விற்கிறவருக்குப் பாசம் இல்லை என்று சொல்பவர்கள் ஒரு முறை சந்தைக்குப் போய் நின்று பார்க்கலாம். பல ஊர்களில் மாட்டை விற்றாலும் அதைக் கட்டியிருந்த கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். பழைய கயிறு வீட்டுக்குத் திரும்பி வரும். பெயர் வைத்துக் கூப்பிட்ட மாடு, மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்து நெற்றியில் பொட்டு வைத்த மாடு. அதே கையால்தான் விற்கவும் வேண்டியிருக்கிறது. விற்ற அன்று வீட்டில் சோறு இறங்காது என்பதும் உண்மை, மறுநாள் அந்தக் காசில் கடன் அடைப்பதும் உண்மை.

இந்தப் பாசம் பெரிய ஆட்களுக்கும் உண்டு. விராலிமலை தொகுதிக்காரரான அப்போதைய சுகாதார அமைச்சர் சி.விஜயபாஸ்கர் வளர்த்த ‘கொம்பன்’ காளை 2018-ல் தென்னலூர் ஜல்லிக்கட்டில் இறந்தபோது, சொந்தத்தில் ஒருவரை இழந்தது போலத்தான் அந்தப் பகுதி அஞ்சலி செலுத்தியது. கோயில் காளை இறந்தால் ஊரே கூடி, மேளதாளத்தோடு எடுத்துப்போய் அடக்கம் செய்வது இந்த மாவட்டத்தில் புதிதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கோயில் காளை தனி ஒருவரின் மாடு கிடையாது. அது எந்த வயலில் மேய்ந்தாலும் யாரும் அடிக்க மாட்டார்கள், எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஏதாவது கிடைக்கும். அதன் செலவை ஊர் பங்கு போட்டுக்கொள்கிறது. அதனால் அது கிழடாகிச் சாகும் வரை வாழ முடிகிறது. அமைச்சர் வீட்டுக் காளைக்கு அமைச்சர் வீட்டுப் பணம் இருக்கிறது. இரண்டு சென்ட் கொட்டகையில் ஜெர்சி மாடு வைத்திருக்கும் அக்காவுக்கு யார் இருக்கிறார்கள்?

பாசத்துக்கு ஒரு செலவு இருக்கிறது. அதை யார் கட்டுவது என்பதுதான் இந்த விவகாரத்தின் மையக் கேள்வி.

கதவை மூடினால் என்ன ஆகும்?

இதற்கான பதில் உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. மாடு விற்பதும் கொண்டுபோவதும் ஆபத்தான காரியமாகிவிட்ட அந்த மாநிலத்தில், 2019 கணக்கெடுப்புப்படி தெருவில் திரியும் மாடுகள் சுமார் 11.8 லட்சம். 2012-ஐ விட 17 சதவீதம் அதிகம். நாடு முழுவதும் இந்த எண்ணிக்கை லேசாகக் குறைந்த காலத்தில் அங்கே ஏறியது. விற்க முடியாத மாட்டை இரவோடு இரவாக அவிழ்த்துவிட்டார்கள். அது பக்கத்துக்காரர் வயலை மேய்ந்தது. ராத்திரி தூங்காமல் வயலுக்குக் காவல் இருப்பது அங்கே தேர்தல் பிரச்சினையாகவே ஆனது.

அந்த அரசு, கைவிடப்பட்ட மாடுகளைப் பராமரிக்க ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 ரூபாய் கொடுத்துவந்தது. பிறகு அதை 50 ரூபாயாக உயர்த்தியது. வருஷத்துக்கு ஒரு மாட்டுக்கு 18,250 ரூபாய். அதாவது, கதவை மூடினால் செலவு காணாமல் போகாது. விவசாயி தலையிலிருந்து அரசு தலைக்கு, அங்கிருந்து வரி கட்டுகிறவர் தலைக்கு மாறும். இடையில் மாடு தெருவில் பிளாஸ்டிக் தின்னும்.

சட்டம் ஒரு பக்கம், சந்தை ஒரு பக்கம்

தமிழ்நாட்டில் 1958-ம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயசைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் தகுதியில்லாத மாடு என்று சான்று இருந்தால் வெட்டலாம். 1976-ல் வந்த அரசாணை பசுவையும் கிடாரியையும் வெட்டக் கூடாது என்கிறது. மாடு ஏற்றும் வண்டிக்கும் விதி உண்டு. 1978-ம் ஆண்டு விதிகளின்படி ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது, பயணத்துக்குத் தகுதியானவை என்ற கால்நடை மருத்துவர் சான்று வேண்டும், தண்ணீரும் தீவனமும் வேண்டும்.

ராத்திரி நெடுஞ்சாலையில் மாட்டு லாரியின் பின்னால் பைக்கில் போனவர்களுக்கு இந்த விதியின் நிலைமை தெரியும். கால் மடக்க இடமில்லாமல், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தபடி நிற்கும் மாடுகள். இந்த வியாபாரத்தில் உண்மையான கொடுமை இருக்கும் இடம் இந்தப் பயணம்தான். ஆனால் கோபம் பெரும்பாலும் வேறு ஆள் மேல் திரும்புகிறது. விற்கிறவரை யாரும் கேட்பதில்லை. வாங்கும் வியாபாரியும் லாரி டிரைவரும் அடி வாங்குகிறார்கள். பீஃப் சாப்பிடும் தலித்துகளும் இஸ்லாமியர்களும் கிறிஸ்தவர்களும் ஏளனத்துக்கு ஆளாகிறார்கள். மாட்டை விற்ற காசு ஒரு சமூகத்தின் கையில், மாட்டைத் தின்ற பழி இன்னொரு சமூகத்தின் தலையில். பல வருஷமாக ஊர் கட்டிக்காக்கும் இந்த வசதியான பாகுபாட்டை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, மாட்டை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்ற தோரணையை விட வேண்டும். லாரியை வழிமறிக்கும் வேலை தனியாருக்கு இல்லை. சான்று இருக்கிறதா, ஆறு மாடுகள்தான் இருக்கின்றனவா, தண்ணீர் வைத்தார்களா என்று பார்க்கும் வேலை அரசுக்கு உண்டு. அதைச் சந்தை வாசலிலேயே பார்க்க முடியும்.

இரண்டாவது, தூரத்தைக் குறைக்க வேண்டும். சுத்தமான, சட்டப்படியான இறைச்சிக் கூடங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மாட்டை நிற்க வைத்துக் கொண்டுபோக வேண்டிய தேவை குறையும். சாப்பிடுகிறவருக்கும் நல்ல இறைச்சி கிடைக்கும்.

மூன்றாவது, வேண்டாத கன்று பிறப்பதையே குறைக்கலாம். பாலினம் பிரித்த உறைவிந்து மூலம் சினைப்படுத்தினால் பத்தில் ஒன்பது பெண் கன்றாகவே பிறக்கும். அரசு மானியத்தில் இது கிடைக்கிறது. ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருப்பவரின் கொட்டகை வரை அது போய்ச் சேர வேண்டும்.

நான்காவது, மேய்ச்சல் நிலம். புதுக்கோட்டையில் தைலமரக் காடுகள் பிடித்துக்கொண்ட நிலம் எவ்வளவு என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கும் தீவனத்தில் நாட்டு மாடு கட்டுப்படியாகாது. மேய இடம் இருந்தால்தான் அது நிற்கும்.

கடைசியாக, பாசம் பேசுகிறவர்களுக்கு ஒன்று. மாடு வாழ வேண்டும் என்று விரும்புவது நல்ல விருப்பம். கோயில் காளைக்கு ஊர் செய்வது போலச் செலவில் பங்கு போட முடிந்தால் அந்த விருப்பத்துக்கு அர்த்தம் இருக்கும். பங்கு போட முடியாதென்றால், கயிற்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு சந்தையிலிருந்து திரும்பி வருகிறவரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமலாவது இருக்கலாம்.